கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் இலங்கை இரும்பும்

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமர்சகர் என்றே நாம் படிக்கின்றோம். அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர் என்பதை மாணவர் பலர் விடையில் எழுதத் தவறிவிடுகின்றனர்.

இவர் 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்து குமாரசுவாமி. தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்த இவர் இங்கிலாந்திலே வளர்ந்தார். இலண்டனில் தாவரவியலும் புவிச்சரிதவியலும் கற்று, 1900இல் பட்டம் பெற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். தோரியனைற்று என்னும் கனியத்தை 1904இல் கண்டறிந்தவரும் இவரே.

கற்களைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணில் பட்டது, அழிந்துகொண்டிருந்த ஒரு தொழில். பலாங்கொடைப் பகுதியில் களிமண் உலையில் தாதையும் மரக்கரியையும் இட்டு, துருத்தியைக் காலால் மிதித்து இரும்பு எடுத்தனர். கப்பலில் வந்திறங்கிய மலிவான ஐரோப்பிய இரும்பின் முன் அத்தொழில் நிற்க முடியவில்லை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் மறையுமுன் இவர் அம்முறையைக் கேட்டும் பார்த்தும் எழுதிவைத்தார்.

அவ்வுலையில் இரும்பு முழுதாக உருகுவதில்லை. கசடு கலந்த கட்டியாகவே வெளிவரும். அதை ஏன் திரும்பத் திரும்பச் சம்மட்டியால் அடித்தனர்? இங்கே மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இரும்பு நீளும் இயல்புடையது. குளிர்ந்த கசடோ நீளாது. இழுக்கும்போது கசட்டுத் துணிக்கையிலிருந்து உலோகம் விலக, கண்ணுக்குத் தெரியாத சிறு வெற்றிடம் தோன்றும். மேலும் இழுக்க அது வளரும். அயல் வெற்றிடங்களும் வளர்ந்து ஒன்றோடொன்று சேரும்போது துண்டின் ஒடுங்கிய பகுதி உள்ளிருந்தே பிளக்கும். அடிப்பதால் கசட்டின் பெரும்பகுதி பிதுங்கி வெளியேறும். எஞ்சியது மெல்லிய இழையாக நீளும். ஆகவே அவ்விரும்பு இழையின் திசையில் உறுதியாகவும் குறுக்கே வலிமை குறைந்தும் இருக்கும். வெற்றிட வளர்ச்சியைக் கணித முறையில் விளக்கியது 1960களிலேதான். கொல்லனின் கைக்கு அதற்கு முன்பே அது தெரிந்திருந்தது.

உருக்குச் செய்யும் முறையையும் இவர் பதிவுசெய்தார். களிமண் மூசையில் இரும்பை மரத்துண்டுகளோடு அடைத்துச் சூடாக்கினால் இரும்பு காபனை ஏற்று உருகும். கசடு பிரிந்து மேலே மிதக்கும்.

இத்தகவல்கள் 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பொருள்படும் இவரது ஆங்கில நூலில் உள்ளன. 1912இல் சேர் றொபேட் ஹட்பீல்ட், சிகிரியா உளி உட்பட இலங்கையின் பழைய இரும்புப் பொருள்களை ஆய்வுகூடத்தில் சோதித்து எழுதினார். 1996இல் ஜில் ஜூலெப், சமனலவெவவில் பருவக்காற்றால் இயங்கிய பண்டைய உலைகளைப் பற்றி வெளியிட்டார். அவ்விடமும் பலாங்கொடைக்கு அண்மையிலேயே உள்ளது.

குமாரசுவாமி 1917 முதல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் பணியாற்றி, 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவிலே காலமானார்.