வெறுங்காலில் நின்ற காவலர்: டாக்டர் தாலிமேரன் ஆவ்

கால்பந்தாட்டத்தைக் காணச் செல்வோர் கோல் அடித்தவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடுவர். எதிரியின் பாய்ச்சலை இடைமறித்து, விழவிருந்த கோலை விழாமற் செய்தவரை அன்று மாலையே மறந்துவிடுவர். வெற்றி பெற்ற எண்ணிக்கை பலகையில் ஏறுகின்றது. தடுத்து நிறுத்திய எண்ணிக்கையை எழுதப் பலகை ஏதும் இல்லை. எனவே, தற்காப்பு வரிசையில் நின்று ஆடுபவர் புகழை எதிர்பார்த்து ஆட இயலாது. அவ்வாறு ஆடியே பெரும்புகழ் எய்திய ஒருவரின் வரலாற்றை நம் சங்கத்து ஆண்டுமலரின் வாயிலாகக் குடும்பத்தார் அனைவர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் குழுவிற்குத் தலைமை தாங்கிய டாக்டர் தாலிமேரன் ஆவ் அவர்களே அப்பெருமகனார்.

ஜீவனஹள்ளியில் வாழும் நமக்கும், இந்தியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள நாகர் மலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு இரண்டு உண்டு. அவர் தலைமையில் ஆடிய குழுவில் நம் பெங்களூர் வீரர்கள் இடம் பெற்றிருந்தனர் என்பது ஒன்று. பிழைப்பையும் கல்வியையும் நாடிப் பிறந்த மண்ணை விட்டு, வேற்றுமொழி வழங்கும் பெருநகரில் வாழ்ந்து பெயரெடுத்தவர் அவர் என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது தொடர்பை நம்மில் ஒவ்வொரு குடும்பமும் நன்குணரும்.

நாகர் மலையில் சாங்கி என்னும் சிற்றூரில் 1918ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் தாலிமேரன் பிறந்தார். இன்று அவ்வூர் நாகாலாந்து மாநிலத்தின் மொகோக்சுங் மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் சுபோங்வாதி கிறித்தவ சமயப் போதகர்; இம்பூர் என்னுமிடத்திலிருந்த திருச்சபைப் பணியில் ஈடுபட்டிருந்தார். பிள்ளைகள் பலர் நிறைந்த பெருங்குடும்பம் அது. மலைச்சரிவில் சமதரை கிடைப்பதே அரிது. தோற்பந்து கிடைப்பது அதனினும் அரிது. கந்தல் துணிகளை உருட்டிச் சுற்றிக் கட்டிய பந்தே அக்காலத்துச் சிறுவர்களின் விளையாட்டுப் பொருள். அப்பந்தை உதைத்துத்தான் தாலிமேரனின் கால்கள் பழகின.

பள்ளிக் கல்வியின்பொருட்டு அசாம் மாநிலத்து ஜோர்ஹாட் நகருக்குச் சென்றார். பின்னர் 1933இல் குவகாத்தியிலுள்ள காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி மைதானம் அவருடைய ஆற்றலை உலகிற்குக் காட்டியது. ஓட்டப் பந்தயங்களிலும் பிற விளையாட்டுகளிலும் முன்னணியில் நின்ற இளைஞரை, அந்நகரின் மகாராணா கால்பந்துக் கழகம் தன்பால் சேர்த்துக் கொண்டது. அதுகாறும் அவர் முன்வரிசையில் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரராகவே விளங்கினார். மகாராணா கழகத்தில்தான் அவருடைய இடம் மாறியது. தாக்குவோர் வரிசையிலிருந்து காப்போர் வரிசைக்கு அவர் வந்து சேர்ந்தார்.

இம்மாற்றத்தின் பொருளைச் சற்று விளக்குதல் நலம். அக்காலத்தில் இந்தியக் குழுக்கள் இரண்டு, மூன்று, ஐந்து என்னும் அணிவகுப்பில் ஆடின. கோல்காப்பவருக்கு முன்னால் இருவர்; அவர்க்கு முன்னால் மூவர்; அவர்க்கும் முன்னால் ஐவர். நடுவிலுள்ள மூவருள் நடுநாயகமாக நிற்பவர்க்கு ஓய்வே இல்லை. எதிரியின் முன்னணி வீரரைத் தம் நிழல்போல் தொடர்தல் வேண்டும். உயர்ந்து வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்புதல் வேண்டும். பறித்த பந்தைத் தம் குழுவின் முன்வரிசைக்கு ஒழுங்காக அனுப்புதலும் வேண்டும். உடல் வலிமையோடு பொறுமையும், பொறுமையோடு முன்னறிவும் உடையார்க்கே அவ்விடம் பொருந்தும். உயர்ந்த உடற்கட்டு வாய்ந்த தாலிமேரனுக்கு அது மிகவும் பொருந்திற்று.

இந்நிலையில் 1935இல் அவருடைய தந்தையார் குடற்காய்ச்சலால் மறைந்தார். மகன் மருத்துவனாகித் தம் மக்களுக்குத் தொண்டு செய்தல் வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். மலைச் சிற்றூர்களில் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பார் இல்லாமையை அக்குடும்பம் தன் இழப்பாலேயே அறிந்தது. அந்நாள் முதல் தாலிமேரனின் வாழ்வில் இரண்டு கடமைகள் ஒருங்கே நடந்து வந்தன. ஒன்று பந்து, மற்றொன்று தந்தைக்குத் தரவேண்டிய மருத்துவப் பட்டம்.

1942இல் கல்கத்தாவிலுள்ள கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். இக்கல்லூரியே பின்னர் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே புகழ்வாய்ந்த மோகன் பகான் கழகம் அவரை ஏற்றுக் கொண்டது. அக்கழகத்தின் பெருமையை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், பூட்ஸ் அணிந்த ஆங்கிலப் படைவீரர்களின் கிழக்கு யார்க்சயர் குழுவை 2-1 என வென்று, ஐ.எப்.ஏ. கேடயத்தை வாங்கிய முதல் இந்தியக் கழகம் அதுவே. அவ்வெற்றியை ஈட்டியோருள் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலினர். அக்கழகத்தின் சட்டையை அணிதல் வங்காள இளைஞர்க்கே பெருங்கனவாக இருந்த காலத்தில், மலைநாட்டு மாணவர் ஒருவர் அதனை அணிந்தார். சிறிது காலத்தில் அதன் தலைவராகவும் உயர்ந்தார். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்கத்தா லீக் பட்டம் மோகன் பகானுக்கே கிட்டியது.

அவ்வாண்டுகள் எத்தகையவை என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். 1943இல் வங்காளத்தைக் கொடும்பஞ்சம் சூறையாடியது; கல்கத்தாத் தெருக்களில் மக்கள் பசியால் மடிந்தனர். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஜப்பானியப் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் கோகிமாவில் கடும்போர் மூண்டது. கோகிமா தாலிமேரனின் சொந்த மலைநாட்டின் தலைநகர். பிறந்த நாடு போர்க்களமாகவும், படிக்கும் நகரம் பஞ்சக்களமாகவும் கிடந்த நாளில், காலையில் உடற்கூற்று நூலும் மாலையில் கால்பந்துமாக வாழ்வதற்கு எத்துணை மனத்திண்மை வேண்டும்! படிப்பிற்குச் சிறு இடையூறு நேரினும் சோர்ந்துவிடும் நம் பிள்ளைகள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

கல்கத்தாவில் கால்பந்துக் காலம் என்பது மழைக்காலம். சேறு நிறைந்த தரையில் பூட்ஸ் அணிந்தவர்க்குப் பிடிப்பு உண்டு. வெறுங்காலினர்க்கு வழுக்கலே உண்டு. முன்வரிசையில் ஆடுபவராவது பூட்ஸ் காலைத் தவிர்த்து ஒதுங்கி ஓடலாம். காப்பவரோ அக்காலை நோக்கியே செல்லக் கடமைப்பட்டவர். கணுக்காலில் துணிக்கட்டு ஒன்றே கவசம். இருப்பினும், வெறும்பாதத்தால் பந்தை உணர்ந்து ஆடுவதில் நம்மவர்க்கு இருந்த நுட்பம் தனிச்சிறப்புடையது. தாலிமேரனும் அவ்வாறே ஆடிப் பழகியவர்.

நாடு விடுதலை பெற்ற மறுவருடம், 1948இல், இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் விழா நிகழ்ந்தது. இந்தியக் கால்பந்துக் குழுவிற்குத் தாலிமேரன் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். அதனினும் பெரியதொரு சிறப்பும் அவர்க்கு வாய்த்தது. ஜூலை 29ஆம் நாள் வெம்பிளி அரங்கில் நடந்த தொடக்க விழாவில், இந்திய வீரர் அனைவர்க்கும் முன்னால் மூவர்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் அவரே. விடுதலை பெற்ற இந்தியாவின் கொடி ஒலிம்பிக் அரங்கில் ஏறிய முதல் நாள் அது. கந்தற்பந்தை உதைத்த மலைச்சிறுவனின் கையில் ஒரு நாட்டின் கொடி நின்றது.

அக்குழுவில் நம் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன், அகமது கான், தன்ராஜ், வரதராஜ் முதலியோர் இடம் பெற்றிருந்தனர். பயிற்சியாளர் பலாய்தாஸ் சட்டர்ஜி. ஜூலை 31ஆம் நாள், இலண்டனை அடுத்த இல்போர்டு என்னுமிடத்துக் கிரிக்கில்பீல்டு மைதானத்தில் இந்தியாவும் பிரான்சும் மோதின. நம் வீரருள் பெரும்பாலோர் வெறுங்காலினர். அதனைக் கண்டு வியந்த ஆங்கிலேயக் கூட்டம், ஆட்டம் தொடங்கியபின் அவ்வியப்பை மதிப்பாக மாற்றிக் கொண்டது.

முப்பதாவது நிமிடத்தில் பிரான்சின் கூர்பேன் முதற்கோலை அடித்தார். இந்தியாவிற்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன. ஒன்றைச் சைலேன் மன்னாவும், மற்றொன்றை மகாவீர் பிரசாதும் தவறவிட்டனர். எழுபதாவது நிமிடத்தில் நம் ராமன் கோல் அடித்து ஆட்டத்தைச் சமமாக்கினார். உலகப் போட்டியொன்றில் சுதந்திர இந்தியா அடித்த முதற்கோல் ஒரு பெங்களூர்த் தமிழ்ப்பெயரினரின் காலிலிருந்து பிறந்தது என்பது நமக்கெல்லாம் பெருமிதம். ஆட்டம் முடிய ஒரு நிமிடமே எஞ்சியிருந்த வேளையில் பெர்சியோன் இரண்டாவது கோலை அடித்தார். இந்தியா 2-1 எனத் தோற்றது. எண்பத்தெட்டு நிமிடங்கள் காத்தவர்க்கு எண்பத்தொன்பதாவது நிமிடம் கைகொடுக்கவில்லை. காவல் தொழிலின் கொடுமை இதுவே. ஆயினும் தோல்வியுற்ற அக்குழுவைக் கூட்டத்தினர் கைதட்டி வழியனுப்பினர்.

ஆட்டம் முடிந்தபின் இதழாளர் தலைவரைச் சூழ்ந்து, வெறுங்காலில் ஆடுவதேன் என்று வினவினராம். இந்தியர் ஆடுவது காலால் ஆடும் பந்து, ஏனையோர் ஆடுவது பூட்ஸால் ஆடும் பந்து என்னும் பொருள்பட அவர் நகைச்சுவையாக விடையிறுத்தார் என்பது இன்றும் வழங்கும் செய்தி. தோல்வியின் முன்னிலையில் நகைக்கவல்ல தலைவர் தம் குழுவினரின் மனத்தைக் காத்தவராவார். பெனால்டியைத் தவறவிட்ட இருவர் மீதும் பழி சுமத்திய தலைவரென அவரை எவரும் கூறியதில்லை.

வெறுங்கால் ஆட்டத்தை அளவுகடந்து போற்றுதலும் தவறாகும். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர்நாட்டுத் தரையில், யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 எனப் படுதோல்வி அடைந்தது. அதன்பின் பூட்ஸ் அணிந்தே ஆடுதல் வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் வேரூன்றியது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றதற்கு அம்மாற்றமும் ஒரு காரணம். தாலிமேரன் தலைமுறையின் பெருமை, காலணி இல்லாமையில் இல்லை. இல்லாமையைப் பொருட்படுத்தாமல் உலகின் முன்னால் நிமிர்ந்து நின்றமையில்தான் உள்ளது.

இலண்டனில் அவருடைய ஆட்டத்தைக் கண்டபின், புகழ்மிக்க ஆர்சனல் கழகம் தம்மிடம் வந்து ஆடுமாறு அவரை அழைத்தது என்று வரலாறு கூறுவோர் பலரும் கூறுகின்றனர். அவர் அதனை ஏற்கவில்லை. அவ்வாண்டில் அவர்க்கு முப்பது வயது. மருத்துவப் படிப்போ இன்னும் முடிந்தபாடில்லை. ஆட்டக்காரர்க்கு அத்தகைய வாய்ப்பு வாழ்வில் ஒருமுறைதான் வரும். அதுவும் எல்லார்க்கும் வாராது. எனினும் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னர் மறைந்த தந்தையின் விருப்பம் அவ்வழைப்பினும் கனமாக இருந்தது. அவர் கல்கத்தாவிற்கே திரும்பினார்.

விளையாட்டு அவரிடம் விலை வாங்காமல் இல்லை. 1942இல் கல்லூரி புகுந்தவர் 1950இல்தான் மருத்துவப் பட்டம் பெற்றார். எட்டு ஆண்டுகள்! பந்தும் படிப்பும் பகையில்லை என்று மேடையில் எளிதாகக் கூறிவிடலாம். இரண்டையும் சுமப்பவன் காலத்தால் விலை கொடுத்தே தீர்தல் வேண்டும். தாலிமேரன் அவ்விலையைக் கொடுத்தார். ஆயின் இரண்டில் எதனையும் பாதியில் இறக்கி வைக்கவில்லை. பந்து பின்னால் பிள்ளை போகின்றதே என்று கவலையுறும் பெற்றோரும், பந்து ஒன்றே போதுமெனக் கருதும் பிள்ளைகளும் ஒருசேர அறிய வேண்டிய செய்தி இது.

பட்டம் பெற்றபின் திப்ருகர் மருத்துவக் கல்லூரியில் சிலகாலம் பணியாற்றினார். பெருநகரில் புகழும் பொருளும் காத்திருக்க, 1953இல் கோகிமா அரசு மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்தார். அதனோடு அவருடைய ஆட்ட வாழ்வு நிறைவுற்றது. 1963இல் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் சுகாதாரத் துறை இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1978இல் ஓய்வு பெறும் வரை, சாலை எட்டாத மலைச் சிற்றூர்களுக்கு மருத்துவ வசதி சேர்க்கும் பணியில் அவர் உழைத்தார். ஆடுகளத்தில் எதிரியைத் தடுத்தவர், பின்னர் நோயைத் தடுத்தார். இரண்டுமே காவற்பணிதான்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், எண்பதாவது வயதில் தாலிமேரன் ஆவ் மறைந்தார். வடகிழக்கு மாநிலங்களின் குழுக்கள் பொருதும் கால்பந்துக் கோப்பை ஒன்றிற்கு 2009இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. எனினும், அவரைவிடக் குறைந்த சாதனை புரிந்த பலரை அறிந்த நம் நாட்டார் அவரை அறிந்தது குறைவே.

நம் பெங்களூரின் கால்பந்துப் பெருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் முதலிய பகுதிகளில் பந்து உதையாத தெரு உண்டோ? அத்தெருக்களில் தமிழ்ப் பிள்ளைகளின் கால்களும் தலைமுறை தலைமுறையாக ஓடி வருகின்றன. அப்பிள்ளைகள் ராமனை அறிதல் வேண்டும்; ராமனுக்குப் பின்னால் நின்று காத்த தலைவரையும் அறிதல் வேண்டும். வந்த ஊரில் நேர்மையாக உழைத்துப் பெயரெடுத்தலும், பிறந்த ஊர்க்குப் பட்ட கடனை மறவாமையும் ஒருவர் வாழ்வில் ஒருங்கே இயலும் என்பதற்குத் தாலிமேரன் ஆவ் சான்றாவார். கோல் அடிக்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டாது. காத்து நிற்கும் கடமை எல்லார்க்கும் உண்டு. அக்கடமையைப் புகழ் நோக்காது செய்த அப்பெருமகனாரின் பெயர் நம் இல்லங்களில் வாழ்க!