முடி சூடாத அமைச்சர் அழகக்கோனார்

காஞ்சி மாநகரின் அருகே ஐயம்பேட்டையில் வாழும் நமக்குப் பௌத்தம் அயலார் சமயமன்று. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறித்துள்ளார். அச்சமயம் இம்மண்ணில் தேய்ந்தபின், இலங்கையில் அதனைக் காத்த அமைச்சர் ஒருவரின் வரலாற்றைக் கூறப் புகுகின்றோம்.

நிசங்க அழகக்கோனாரின் முன்னோர் தென்னிந்தியாவின் வஞ்சி நகரினின்று சென்றவர் எனச் சிங்கள நூல்கள் கூறும். அந்நகர் எதுவென்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. வந்தேறிய குடியில் பிறந்த அவர், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் (1357–1374) காலத்தில் தலைமை அமைச்சரானார். அரியணையில் அமர்ந்தவர் மன்னர். நாட்டை நடத்தியவர் இவர்.

அந்நாளில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்கள் தென்னிலங்கையிலும் வரி தண்டி வந்தனர். அழகக்கோனார் உடனே வாளை உருவவில்லை. கொழும்பை அடுத்த சதுப்பு நிலத்தில் கோட்டை எழுப்பி, அகழி வெட்டி, உணவுப் பொருள்களைச் சேர்த்து வைத்தார். அதன் பின்னரே வரி தண்டுவோரைத் தூக்கிலிடச் செய்தார் என்று இராஜாவலிய கூறும். ஏவலுக்கு வந்த எளியோரைக் கொன்ற இச்செயலை நாம் போற்றவியலாது. சினந்த சக்கரவர்த்தி தரைவழியாகவும் கடல்வழியாகவும் படை அனுப்பினார். அப்படைகள் முறியடிக்கப்பட்டன. தமிழ்ப்பெயர் தாங்கியவர் தமிழ் மன்னரை எதிர்த்து நின்றாரே என வியப்போர் உளர். அவர் வாழ்ந்த நாடு அது, அவ்வளவே.

ஆயினும் அவர் செயல்களுள் தலையாயதாக நாம் கருதுவது 1369-ஆம் ஆண்டுச் சங்கச் சீர்திருத்தமாகும். விகாரைக்குப் பொன்னும் நிலமும் ஈந்தோர் எக்காலத்தும் உளர். விகாரையினுள் ஒழுக்கம் உளதாவெனக் கேட்டோர் சிலரே. தர்மகீர்த்தி தேரரைத் தலைமையாகக் கொண்டு பிக்குகளைக் கூட்டி, விநயத்தினின்று வழுவியோரை விலக்கி, சங்கத்தை ஒழுங்குபடுத்த இவர் துணை நின்றார். காவியுடைக்கு அஞ்சித் தயங்கும் அரசியலாரையே மிகுதியும் காணும் நமக்கு இத்துணிவு வியப்பளிக்கின்றது.

அவர் மரபில் வந்த வீர அழகேசுவரர், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயுடன் பகைத்து, 1411-இல் சிறைப்பட்டுச் சீனம் கொண்டு செல்லப்பட்டார். அத்துடன் அக்குடியின் ஆதிக்கம் ஒடுங்கிற்று. ஆனால் நிசங்கர் சதுப்பிடையே எழுப்பிய கோட்டையை ஆறாம் பராக்கிரமபாகு தம் தலைநகராக்கிக் கொண்டார். அதுவே ஜயவர்த்தனபுரக் கோட்டை. இலங்கை நாடாளுமன்றம் 1982 முதல் அங்குதான் கூடுகின்றது.