டோனாவூர் அம்மையார்

துன்புறுவாரைக் கண்டு இரங்குதல் எளிது. அவர்க்கு ஆறுதலாய் அமைதலோ அரிது. உள்ளத்தில் இரக்கம் தோன்றிய அளவிலே நாவும் விரைந்தெழுந்து அறிவுரை கூறத் தொடங்கிவிடுகின்றது. நலமுடையான் நோயாளிக்குப் பொறுமையைப் போதிக்கின்றான். மகவை இழவாதான் மகவை இழந்தாளுக்குத் தெய்வ சித்தத்தை விளக்குகின்றான். அங்ஙனம் கூறுவார் தீயவரல்லர்; எனினும் அவர்தம் சொல் வெந்த புண்ணில் வேல் பாய்ந்தாற்போல் வருத்துகின்றது. இவ்வுண்மையைத் தம் நோயினாலேயே கற்று, பிற நோயாளர்க்குத் தோழியாய் விளங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், அயர்லாந்தின் வடபால் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில், மக்கள் எழுவருள் மூத்தவராய்ப் பிறந்தார். தந்தையார் மாவாலை உடையவர்; 1885-இல் காலமானார். பெல்பாஸ்ட் நகரில் ஒரு ஞாயிறன்று கோவிலினின்று திரும்புங்கால், சுமையைத் தூக்கமாட்டாது தள்ளாடிய ஏழை மூதாட்டி ஒருத்திக்கு அவரும் அவர்தம் தம்பியரும் கைகொடுத்து உதவினர். செல்வர் பலர் பார்த்திருக்க அவ்வாறு செய்தற்கு அவ்விளம் பெண் முதலில் நாணினார். அந்நாணமே பின்னர் அவரைச் சிந்திக்க வைத்தது. அது முதல் ஆலைகளில் உழைக்கும் ஏழைப் பெண்களிடையே ஊழியம் புரியலானார்.

1893-இல் ஜப்பானுக்குச் சென்ற அம்மையார் உடல் நலங் குன்றித் திரும்ப நேர்ந்தது. 1895-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூர் வந்து சேர்ந்தார். பின்னர்த் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று, வாக்கர் ஐயர் என்னும் மிஷனெரியின் துணையால் தமிழை முயன்று கற்றார். நம் நாட்டு உடையே உடுத்தார். இந்தியாவில் அடிவைத்த பின்னர், ஐம்பத்தைந்து ஆண்டுகளாகத் தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் அவர் திரும்பவில்லை.

1901-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பொட்டுக்கட்டி விடப்படுதற்கு அஞ்சித் தப்பியோடி அவரை வந்தடைந்தாள். அவள் வாய்மொழியைக் கேட்ட அம்மையார், அந்நிலையிலுள்ள குழந்தைகளைக் காத்தலே தம் கடன் எனத் தெளிந்தார். டோனாவூரில் அக்குழந்தைகட்கு இல்லம் அமைந்தது. ஊர்தோறும் நடந்து நற்செய்தி கூறிவந்தவர் இப்போது தொட்டிலாட்டவும், பாலூட்டவும், இரவிற் கண்விழிக்கவும் வேண்டியவரானார். மிஷனெரிக்கு இது தக்க தொழிலோ என ஐயுற்றாரும் உளர். சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவரை நினைந்த அம்மையார்க்கு அவ்வையம் எழவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டத்தால் தடுக்கப்பட்டதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார்.

ஆயினும் துயரம் அவ்வில்லத்தின் வாயிலிலேயே நின்றது. பச்சிளங் குழவிகள் சில நோயால் மடிந்தன. 1912-இல் வாக்கர் ஐயர் மறைந்தார். 1913-இல் அம்மையாரைப் பெற்ற அன்னையும், அவர்க்கு வலக்கை போன்றிருந்த பொன்னம்மாள் என்னும் கைம்பெண்ணும் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். பொன்னம்மாள் புற்றுநோயால் நெடுநாள் வருந்தியவர். இத்தனை இழப்புக்குப் பின்னும் 1918 முதல் ஆண் குழந்தைகளையும் அவ்வில்லம் ஏற்றது. பின்னர் மருத்துவமனையும் எழுந்தது.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மாலை, களக்காட்டில் மருந்தகத்திற்கென அமர்த்திய வீட்டைக் காணச் சென்ற அம்மையார், இருளில் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தார். எலும்பு கூடியும் துன்பம் நீங்கவில்லை. அன்று முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் தம் அறையிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது.

அக்காலை அன்பர் பலர் நோயாளர்க்கென அச்சிட்ட நூல்களை அனுப்பினர். அவற்றைப் படித்த அம்மையார் ஒன்றை உணர்ந்தார்: அவையெல்லாம் நலமுடையார் நோயாளர்க்கு எழுதியவை, மேட்டில் நின்று பள்ளத்திலிருப்பாரை நோக்கிப் பேசுபவை. ஆதலின் நோயாளியாகிய தாமே பிற நோயாளர்க்குக் கடிதங்கள் எழுதலானார். அவை 1933-இல் நூலாக வெளிவந்தன. முட்செடியில் மலர்ந்த ரோஜா என்பது அதன் பெயர்ப் பொருள். வலி இல்லையென்றோ, விசுவாசமுடையார்க்கு வலி தோன்றாதென்றோ அவர் எழுதவில்லை. உறக்கமற்ற இரவு நீளும் என்பதை அறிந்தவராய், அவ்விரவிலும் ஆண்டவர் உடனிருத்தலைக் கூறினார். 1948-இல் மீண்டும் விழுந்து பெரிதும் நலிந்தார். 1951 ஜனவரி 18-ஆம் நாள் தமது 83-ஆம் வயதில் துயின்றார். அவர் விரும்பியவாறே கல்லறைக் கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீர் பருகும் தொட்டி ஒன்றே அவ்விடத்தைக் காட்டுகின்றது.

இவ்வரலாற்றால் யாம் அறிவது யாது? எம் நாட்டு மாரண்டஹள்ளி போன்ற சிற்றூர்களில் ஒரு வீட்டில் இழவு நேரின், அவ்வீட்டில் அடுப்பு எரியாது. உறவினரும் அயலாரும் சோறு சமைத்துக் கொணர்ந்து, திண்ணையில் உடன் அமர்கின்றனர். ஆங்குப் பேசப்படும் சொற்கள் சில. துயருற்றார் தனித்து விடப்படாமையே பெரிது. எழுத்தறியா மூதாட்டியர் அறிந்த இவ்வறத்தைக் கற்றவராகிய யாம் மறத்தல் தகுமோ?

பெத்தானியாவில் லாசருவின் கல்லறை அருகே நின்ற கிறிஸ்து நாதர், அவன் உயிர்த்தெழுவான் என்பதை அறிந்திருந்தார். அறிந்திருந்தும் அழுதார். துயரத்தின் முடிவை அறிந்தவரே கண்ணீரைக் கடந்து செல்லவில்லையாயின், முடிவை அறியாத யாம் அறிவுரை கூற விரைதல் எங்ஙனம்? விடுதியில் காய்ச்சலால் கிடக்கும் தோழனிடத்தும், தந்தையை இழந்து திரும்பும் தோழனிடத்தும் முதலில் யாம் கொண்டு செல்லவேண்டுவது ஒரு குவளைக் கஞ்சியும், உடனிருக்கும் ஒரு நாழிகையுமே. சொல் வேண்டுமாயின் அவனே கேட்பான். அப்போது அது மருந்தாகும்.