கடல் ஏன் நீலம்? கப்பல் தளத்தில் நின்று விடை தேடிய சி.வி.ராமன்

தாம்பரத்தில் இருந்து வேளச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள், பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தைக் கடந்திருப்பீர்கள். கடலை ஆராயும் வேலைக்கு அங்கே கப்பல்களே இருக்கின்றன. சுமார் 100 வருஷத்துக்கு முன்னால், ஒரு தமிழர் பயணிகள் கப்பலில் நின்றபடி, கைக்கு அடக்கமான ஒரு கருவியை வைத்துக் கடலின் நிறத்தை ஆராய்ந்தார்.

1888 நவம்பர் 7-ல் திருச்சியில் பிறந்தவர் சி.வி.ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பு, 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை வேலை. ஆபீஸ் நேரம் போக மிச்சமெல்லாம் ஆய்வகத்தில்தான். 1917-ல் அந்த வேலையை விட்டு, சம்பளம் குறைந்த பேராசிரியர் பதவிக்குப் போனார். இன்றைக்கு எத்தனை பேர் வீட்டில் இதற்குச் சம்மதிப்பார்கள்?

1921-ல் இங்கிலாந்து போய்விட்டு 'நர்குண்டா' கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது. வானத்தின் பிரதிபலிப்புதான் கடலின் நீலம் என்பது நோபல் வாங்கிய ராலே பிரபுவின் கருத்து. ராமன் கையில் இருந்ததோ ஒரு நிகோல் பட்டகம். கண் கூசாமல் இருக்க நாம் போடும் போலரைஸ்டு கண்ணாடி மாதிரிதான். சரியான கோணத்தில் பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது வெட்டிவிடும். ராலே சொன்னது சரி என்றால் அப்போ நீலமும் போக வேண்டும். போகவில்லை, இன்னும் அடர்த்தியாகத் தெரிந்தது! நிறம் தண்ணீருக்குள் இருந்துதான் வருகிறது. பம்பாய் துறைமுகத்தில் இருந்தே 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார். அது முழுக் கதை இல்லை. சிவப்பு ஒளியைத் தண்ணீர் உறிஞ்சிவிடுவதும் பெரிய காரணம். ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போய்த்தான் 1928 பிப்ரவரி 28-ல் 'ராமன் விளைவை'க் கண்டார். உடன் உழைத்த கே.எஸ்.கிருஷ்ணனை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை, அது நியாயமும் இல்லை. 1930-ல் நோபல். 1970 நவம்பர் 21-ல் பெங்களூருவில் காலமானார்.

சரி, இப்போ என்ன? கரையோரக் கடலில் சில கிலோமீட்டர் அகலத்துக்குச் சின்னச் சின்ன நீர்ச்சுழல்கள் உருவாகும். சில சுழல்கள் அடியில் இருக்கும் சத்துகளை மேலே கொண்டுவரும். நுண்பாசி பெருகி அந்த இடம் பச்சையாகும். அங்கே மீன் சேரும். 'ஓஷன்சாட்' செயற்கைக்கோள்கள் அந்தப் பச்சையைத்தான் தேடுகின்றன. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மீனவர்களுக்குத் தரும் மீன்வளத் தகவலுக்கும் இந்த மாதிரி படங்கள் உதவுகின்றன.

மேகம் மறைத்தால் படம் கிடைக்காது. தெளிவான நாளிலும் செயற்கைக்கோளுக்கு வரும் ஒளியில் பெரும்பகுதி காற்றுமண்டலத்தில் இருந்து வருவதுதான். அதனால்தான் கப்பலில் போய், ஒளியை அளக்கும் கருவியைத் தண்ணீருக்குள் இறக்கிச் சரிபார்க்கிறார்கள். நீர்ப்பரப்பின் பளபளப்பில் இருந்து தப்பிக்க ஓஷன்சாட்-2 கேமராவை 20 டிகிரி சாய்க்கவும் வசதி வைத்தார்கள். நர்குண்டா தளத்தில் ராமன் பட்டகத்தைத் திருப்பியதும் அதே பளபளப்பை நீக்கத்தான்.