ஒளியில் பேசியவர், கம்பியை முறுக்கியவர்

(மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

தொடர்பியல் படிக்கிற பையன் என்றால் தெருவில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையை நான் ஒரே வாரத்தில் கெடுத்துக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடி அத்தை (சொந்த அத்தை இல்லை, அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு நாள் என்னை அழைத்தார். புதுசா நெட் போட்டிருக்கோம்ப்பா, மாசாமாசம் கூடுதலா பணம் கட்டறோம், இது நிஜமாவே ஃபைபர்தானா, பார்த்துச் சொல்லேன் என்றார். நான் பில்லை வாங்கிப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் ஃபைபர் என்று போட்டிருந்தது. ஃபைபர்தான் அத்தை என்று அடித்துச் சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் மழை, கரண்ட் போச்சு. அத்தை வீட்டில் யு.பி.எஸ். இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது, ரூட்டரில் விளக்கு எரிகிறது, நெட் மட்டும் செத்துக் கிடக்கிறது! டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒயரைப் பிடித்தபடியே கீழே இறங்கினேன். மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஒரு ஸ்விட்ச், கரண்ட் இல்லாமல் அணைந்து கிடந்தது. கண்ணாடி இழை தெருவிலிருந்து அந்தப் பெட்டி வரைக்கும்தான் வந்திருந்தது. அங்கிருந்து இரண்டாவது மாடிக்கு ஏறியது, நாம் லேபில் கிரிம்ப் செய்து பழகுகிற அதே கேட்-5 கேபிள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த வெட்கத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பேச்சை ஒளியில் ஏற்றி அனுப்பிக் காட்டியவரும், செம்புக் கம்பிகளை ஜோடியாக முறுக்கி அதற்குக் காப்புரிமை வாங்கியவரும் ஒரே மனிதர். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஓராண்டுதான். அவர் நமக்கெல்லாம் டெலிபோனால் தெரிந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்.

பெல் 1847 மார்ச் 3-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாத்தா, அப்பா எல்லோரும் பேச்சுக்கலை ஆசிரியர்கள். அம்மாவுக்கோ காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் குழல் வைத்துக் கத்திப் பேச, சிறுவன் பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசுவாராம். ஒலி என்பது அதிர்வு என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். அவர் அதை அம்மாவின் நெற்றியில் படித்தார். பின்னாளில் அவர் மணந்த மேபல் ஹப்பர்டும் ஐந்து வயதில் விஷக்காய்ச்சலில் செவிப்புலனை இழந்தவர். டெலிபோனைக் கண்டுபிடித்தவரின் வீட்டில், அந்த டெலிபோனை மனைவி ஒரு நாளும் கேட்டதில்லை.

தம்பி 1867-லும் அண்ணன் 1870-லும் காசநோயில் இறந்தார்கள். மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். 1871-ல் பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய்க் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார். பகலில் வகுப்பு, இரவில் கம்பியும் பேட்டரியும்.

டெலிபோன் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். காப்புரிமை 1876 மார்ச் 7-ஆம் தேதி கிடைத்தது. மூன்று நாள் கழித்து, பக்கத்து அறையிலிருந்த உதவியாளர் வாட்சனை வரச்சொல்லி அவர் பேசியது கம்பி வழியே கேட்டது. எலிஷா கிரே என்பவரும் அதே பிப்ரவரி 14-ஆம் தேதி காப்புரிமை அலுவலகத்தில் தம் எண்ணத்தைப் பதிவு செய்திருந்தார். அதனால் வழக்கு மேல் வழக்கு. 1888-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல் பக்கம் தீர்ப்புச் சொல்லியும், இந்தச் சண்டை புத்தகங்களில் இன்னும் ஓயவில்லை.

பெல் இதோடு நின்றிருந்தால் பணமும் புகழுமாகச் சௌக்கியமாக இருந்திருக்கலாம். மனுஷன் சும்மா இருக்கவில்லை! 1880-ல் பிரெஞ்சு அரசு வோல்டா பரிசாக 50,000 பிராங்க் கொடுத்தது. வாஷிங்டனில் சோதனைக்கூடம் வைத்து நடத்த அந்தப் பணம் உதவியது. சார்லஸ் சம்னர் டெய்ன்டர் என்ற கைதேர்ந்த கருவித் தொழிலாளரைச் சேர்த்துக்கொண்டார். செலினியம் என்ற பொருளின் மேல் வெளிச்சம் பட்டால் அதன் மின்தடை குறையும். வெளிச்சம் கூடக் குறைய, தடையும் மாறும். அப்படியானால் பேச்சுக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால்? எதிர்முனையில் பேச்சு வந்துவிடுமே!

கருவி எளிமையானது. சூரிய ஒளியை மிக மெல்லிய ஒரு கண்ணாடியின் மேல் விழவைத்து, அதன் பின்பக்கம் வாயை வைத்துப் பேச வேண்டும். பேச்சின் அதிர்வில் கண்ணாடி லேசாகக் குழியும், குவியும். அதற்கேற்பத் தெறித்துப் போகிற ஒளிக்கற்றை விரியும், சுருங்கும். எதிர்முனையில் கிண்ணம் போன்ற ஆடி அந்த ஒளியைச் செலினியத்தின் மேல் குவிக்கும். செலினியத்தோடு ஒரு பேட்டரி, ஒரு டெலிபோன் காதுக்குழல், அவ்வளவுதான். 1880-ல் டெய்ன்டர் ஃபிராங்ளின் பள்ளிக்கூடத்தின் மாடியில் நின்று பேச, சுமார் 213 மீட்டர் தள்ளி, எல் தெருவிலிருந்த சோதனைக்கூடத்தில் பெல் கேட்டார். காதில் விழுந்தால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை ஆட்டும்படி டெய்ன்டர் சொன்னார். பெல் வந்து ஆட்டினார். நடுவில் ஒரு முழக் கம்பிகூடக் கிடையாது!

அதற்குப் போட்டோஃபோன் என்று பெயர் வைத்தார்கள். அந்த பிப்ரவரியில்தான் இரண்டாவது மகளும் பிறந்திருந்தாள். குழந்தைக்கே போட்டோஃபோன் என்று பெயர் வைக்கலாம் என்று பெல் ஆசைப்பட்டாராம். மேபல் அம்மையார் நல்லவேளையாகத் தடுத்து மேரியன் என்று வைத்தார். தாயார் புத்திசாலி.

ஆனால் மேகம் வந்தால் பேச்சு நின்றது. மழை, மூடுபனி, குறுக்கே ஒரு மரம், எதுவும் போதும் கெடுக்க. மின்சாரத்துக்குக் கம்பி என்றொரு பாதை இருந்தது, ஒளிக்கு அப்படி ஒரு பாதை பெல் கையில் இல்லை. இதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. வளைந்து விழுகிற தண்ணீர்த் தாரைக்குள் ஒளியும் கூடவே வளைந்து போகும் என்பதை ஜெனீவாவில் கொலாடன் 1841 வாக்கிலேயே காட்டிவிட்டார். லண்டனில் ஜான் டிண்டால் 1854-ல் அதை மேடையிலேயே செய்து காட்டினார். அதே டிண்டால் பெல்லின் ஒளிச் சோதனைகளைப் பற்றித் தெரிந்துகொண்டு 1881-ல் அவற்றைத் தொடர்ந்து ஆய்வும் செய்திருக்கிறார். ஒருவரிடம் பேசும் ஒளி, இன்னொருவரிடம் ஒளிக்கு வழி. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட அன்று ஆளில்லை.

சரி, 1881-க்கு வருவோம். அந்த வருஷம் பெல்லுக்குக் கொடுமையான வருஷம். ஜூலை 2-ஆம் தேதி ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் குண்டு எங்கே என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. பெல் இரவு பகலாக உழைத்து உலோகங்காட்டும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுபோனார். மெத்தைக்குள் இருந்த கம்பிச்சுருள்கள் கருவியைக் குழப்பின. டாக்டர் வலப்பக்கம் மட்டுமே தேடவிட்டார், குண்டோ இடப்பக்கம். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்தார். நடுவே ஆகஸ்டில் பெல்லுக்குக் குறைமாதத்தில் ஒரு மகன் பிறந்து, மூச்சுவிட முடியாமல் அன்றே போய்விட்டான். அந்தத் துக்கத்திலும் மூச்சுவிட உதவும் ஒரு கருவியைச் செய்யத்தான் அவர் உட்கார்ந்தார்.

அதே ஜூலையில்தான் முறுக்கிய ஜோடிக் கம்பிக்கான காப்புரிமை வந்தது. அதுவரை டெலிபோனுக்குப் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான், திரும்பும் வழி பூமி. பக்கத்துத் தந்திக் கம்பியின் கடகட சத்தமெல்லாம் பேச்சில் ஏறியது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வருகிற தொந்தரவு இரண்டிலும் சமமாக ஏறும். எதிர்முனையில் இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் தொந்தரவு கழிந்துபோகும், பேச்சு நிற்கும். கேட்-5 கேபிளின் தோலை உரித்துப் பாருங்கள். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு ஜோடி, நான்கும் முறுக்கியவை. அத்தை வீட்டுக்கு ஏறியது 1881-ஆம் வருஷத்துப் பெல்!

1880-ஆம் வருஷத்துப் பெல் நம் வீடுகளுக்கு வர ரொம்பக் காலம் பிடித்தது. கண்ணாடியின் அசுத்தத்தை நீக்கி, கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பைக் கொண்டுவந்தால் ஒளியிலேயே தொலைதூரத் தொடர்பு நடத்தலாம் என்று சார்லஸ் காவோவும் ஹாக்கமும் 1966-ல் எழுதினார்கள். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் 17 டெசிபலைத் தொட்டார்கள். காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று 1550 நானோமீட்டர் ஒளிக்கு இழப்பு கிலோமீட்டருக்கு வெறும் 0.2 டெசிபல் அளவுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு எந்தப் பெல் வருகிறார் என்று பார்த்துவிடலாமா? நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். பில்லைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். ரூட்டரின் முதுகைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. உண்மையான ஃபைபர் வீட்டிலும் பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே கேட் கேபிள் இருக்கலாம். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைகிற ஒயர் எது, அது எதில் போய் முடிகிறது என்பதே கேள்வி. மெல்லிய கேபிள் வந்து, பெரும்பாலும் பச்சை நிறத்திலோ நீல நிறத்திலோ இருக்கும் சின்னச் சதுர பிளாஸ்டிக் முனையோடு ஒரு பெட்டியில் செருகியிருந்து, அந்தப் பெட்டியில் பான் என்றும் லாஸ் என்றும் விளக்குகள் இருந்தால் ஃபைபர்தான். பான் நிலையாக எரிய வேண்டும். லாஸ் சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. வந்து நுழைவது எட்டுக் கம்பிக் கேபிளானால் அத்தை வீட்டுக் கதை. இரண்டு கம்பி டெலிபோன் ஒயர் வந்து மோடத்தில் நுழைந்தால் டி.எஸ்.எல்., தடித்த கேபிள் டி.வி. ஒயர் திருகு முனையோடு வந்தால் அதுவும் செம்புதான். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கரண்ட் போகிற நேரமும் நல்ல சோதனை. பான் முறையில் தெருவில் ஒளியைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஆகவே தெரு முழுக்க இருட்டாகி, உங்கள் பெட்டியும் ரூட்டரும் யு.பி.எஸ்.ஸில் ஓடும்போது நெட் வந்துகொண்டே இருந்தால், அநேகமாக ஃபைபர். அநேகமாக என்றுதான் சொல்கிறேன், ஒருமுறை அடித்துச் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டவன் ஆயிற்றே! நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 100 மீட்டருக்குள் கேட்-5 நன்றாகவே வேலை செய்யும். செம்பு மட்டம் என்பதல்ல என் பேச்சு, பெயர் ஒன்று பொருள் ஒன்றாக விற்பதுதான் உறுத்துகிறது.

இந்தக் குழப்பம் நம் தெருவோடு போகவில்லை. பாதி செம்பு வழியே வரும் இணைப்பையும் ஃபைபர் என்று விளம்பரம் செய்வது மக்களை ஏமாற்றுவதாகாது என்று இங்கிலாந்தின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2017-ல் முடிவு செய்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போன ஒரு ஃபைபர் நிறுவனம் 2019-ல் தோற்றது. இத்தாலியில் வேறு மாதிரி. முழு ஃபைபருக்குப் பச்சை, கலப்புக்கு மஞ்சள், செம்புக்குச் சிவப்பு என்று விளம்பரத்தில் அடையாளம் போடும்படி 2018-ல் விதி செய்தார்கள். எனக்கு இத்தாலிக்காரர்கள் செய்ததுதான் பிடித்திருக்கிறது.

அத்தையிடம் போய் என் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேபிள்காரரைக் கூப்பிட்டுத் தகரப் பெட்டிக்கு முன்னால் நிற்கவைத்து, எங்கப்பா கண்ணாடி என்று மட்டும் கேட்டார். மறுமாதத்திலிருந்து பில் குறைந்தது.

பெல்லின் மீதிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாமே புகழத்தக்கது என்று சொல்ல மாட்டேன். காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்வதை ஆபத்தாகப் பார்த்து 1883-ல் ஒரு கட்டுரை படித்தார். பள்ளிகளில் சைகை மொழி கூடாது என்றும் நின்றார். தாயும் தாரமும் காது கேளாதவர்களாக இருந்தும் இப்படி! அந்தச் சமூகத்தார் இன்றும் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வீடு கட்டிக்கொண்டு பட்டம், விமானம், தண்ணீரின் மேல் எழும்பி ஓடும் படகு என்று அலைந்தார். அவருடைய குழுவின் சில்வர் டார்ட் விமானம் 1909-ல் அங்கே பறந்தது. 1915-ல் நியூயார்க்கிலிருந்து, சான்பிரான்சிஸ்கோவிலிருந்த வாட்சனை மறுபடி டெலிபோனில் வரச்சொன்னார். இந்தத் தடவை வந்துசேர ஒரு வாரம் ஆகுமே என்று வாட்சன் பதில் சொன்னார். அந்த 3,400 மைலும் செம்புக் கம்பிதான்.

ஆனால் தாம் செய்தவற்றில் எல்லாம் பெரியது டெலிபோன் அல்ல, போட்டோஃபோன்தான் என்பது கடைசிவரை அவர் எண்ணம். அந்தக் கருவியைத் தகரப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டு, 1880-லேயே ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார். 1922 ஆகஸ்ட் 2-ஆம் தேதி நீரிழிவு நோய் முற்றி அந்த நோவா ஸ்கோஷியா வீட்டில் இறந்தார். இரண்டு நாள் கழித்து அவரை அடக்கம் செய்த வேளையில், வட அமெரிக்கா முழுவதும் டெலிபோன்கள் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தன.