சதுரங்க மாமேதை போட்வின்னிக்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. சதுரங்கத்தில் ஏடு எவ்வளவு உதவும் என்று எண்ணும்போதெல்லாம் என் நினைவில் நிற்பவர் ரஷ்ய மாமேதை மிகயீல் போட்வின்னிக்.

1911இல் பிறந்த இவர், 12ஆம் வயதில் சதுரங்கம் கற்றார். 14ஆம் வயதில், லெனின்கிராடில் ஒரே நேரத்தில் பலரோடு ஆடிய உலக வீரர் காப்பபிளாங்காவை வென்றார். மின்பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். 1948இல் உலக வீரரானார். 1957இல் ஸ்மிஸ்லோவிடமும் 1960இல் டாலிடமும் பட்டத்தை இழந்து, இருமுறையும் மறு ஆண்டே மீட்டார். 1963இல் பெட்ரோசியானிடம் இழந்தார்.

தொடக்க நகர்த்தல்களை வீட்டிலேயே ஆராய்ந்து வருவது இவர் வழக்கம். 1935இல் மாஸ்கோவில், காரோ-கான் தற்காப்பை ஆடிய ஸ்பீல்மன் 12 நகர்த்தல்களில் பணிந்தார். அவரை வீழ்த்தியது வீட்டில் விளைந்த உழைப்பே.

இவ்வுழைப்பையே கணிப்பொறிக்குத் தொடக்க ஏடாகத் தந்தனர். வல்லுநர் ஆராய்ந்த நகர்த்தல்களை நினைவில் பதித்துவிட்டால், பொறி கணக்கிடாமலே அவற்றை ஆடும், நேரமும் மிச்சம். 1974இல் முதல் கணிப்பொறி உலகப் போட்டியில் வென்ற சோவியத்து நிரல் கைஸ்ஸாவுக்கும் இத்தகைய ஏடு உண்டு. போட்வின்னிக்கோ, மனிதனைப்போல் வேண்டிய வழிகளை மட்டும் தேர்ந்து சிந்திக்கும் பொறியை நாடினார். பயனியர் என்ற அந்நிரலுக்குப் பல்லாண்டுகள் உழைத்தும் அது முழுமை பெறவில்லை. 1995இல் மறைந்தார்.

1997இல் அவர் மாணவர் காஸ்பரோவ் டீப் புளூவிடம் தொடரை இழந்தார். இறுதி ஆட்டத்தில் அவர் ஆடியதும் காரோ-கான் தற்காப்பே! 8ஆம் நகர்த்தலில் பொறி தன் குதிரையைப் பலி கொடுத்தது. அது பொறி சிந்தித்துக் கண்டதன்று. மனிதர் அதன் ஏட்டில் எழுதி வைத்தது. 19 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. ஆசானுக்கு வெற்றி தந்த முறையே மாணவரை வீழ்த்தியது.

எனினும் ஏடே எல்லாம் அன்று. 2017இல் ஆல்ஃபா ஸீரோ, விதிகளை மட்டும் அறிந்து, தன்னோடு தானே ஆடிப் பழகி, மனிதர் நூற்றாண்டுகளாகக் கண்ட தொடக்கங்கள் பலவற்றைத் தானே கண்டது.

மாணவ நண்பர்களே! ஏடு நம்மை நல்ல இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். அது முடியும் இடத்தில் நம் சொந்த அறிவே ஆட வேண்டும். போட்வின்னிக்குக்கு ஏடு எழுதித் தந்தவர் எவருமில்லை. அவரே ஆராய்ந்து எழுதினார். அதனால்தான் ஏடு முடிந்த பின்னும் அவரால் ஆட முடிந்தது. நாமும் பிறர் குறிப்பை மனப்பாடம் செய்வதோடு நில்லாது, நமக்கான ஏட்டை நாமே எழுதக் கற்போமாக!