மூதறிஞர் இராஜாஜியின் அணுகுண்டு எதிர்ப்பு

சேலத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் முதன்மை இருப்புப்பாதை ஜோலார்பேட்டைச் சந்திப்பைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகச் செல்கின்றது. சேலத்தில் வழக்கறிஞராகவும் சென்னையில் முதலமைச்சராகவும் விளங்கிய இராஜாஜிக்கு அது பழகிய பாதையாகவே இருந்திருக்கும். அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த அப்பெருமகனாரின் வாழ்வில், பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதியை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டமைக்காக 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை அவர் வேலூர்ச் சிறையில் இருந்தார். அங்கு எழுதிய நாட்குறிப்பில், விடுதலை வந்தவுடனேயே நல்லாட்சியும் இன்பமும் வந்துவிடா என்று எச்சரித்தார். பின்னர் அவர் வகித்த பதவிகள் யாவரும் அறிந்தவை. 1938ஆம் ஆண்டின் கட்டாய இந்தியும் 1953ஆம் ஆண்டின் கல்வித் திட்டமும் தமிழ்த்துறையினராகிய நம்மால் மறக்கக் கூடியவை அல்ல. ஆயினும் அவற்றைக் கொண்டே அவரை முழுதும் அளந்துவிட இயலாது.

1954 மார்ச்சில் பசிபிக் கடலில் அமெரிக்கா வெடித்த நீரகக் குண்டின் நச்சுத் துகள்கள், எப்பகையிலும் சேராது மீன்பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகினர் மீது படிந்தன. வல்லரசுகள் தம் பனிப்போருக்காகச் செய்யும் சோதனைகளால் பிறர் உண்ணும் உணவும் குழந்தைகள் பருகும் பாலும் கெடுகின்றன என்பதே இராஜாஜியின் வழக்கு. பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். தோல் பதனிடும் கழிவுநீரால் கெட்ட கிணறுகளும் நிலங்களும் நாம் கண்டவை. வேலூர்ப் பகுதிக் குடிமக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அணுத்தூசிக்கு எந்த மன்றத்தில் வழக்குத் தொடுப்பது?

பொதுவுடைமையை வன்மையாக எதிர்த்தவர் இராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, நேருவின் பொருளாதாரக் கொள்கையைக் கண்டித்து வந்தவர். எனினும், 1954இலேயே சோதனைகளை நிறுத்தக் கோரிய நேருவுடன் இந்த ஒன்றில் அவர் கருத்து ஒத்திருந்தது. எதிரி கைவிடட்டும் என்று காத்திராமல் ஒரு தரப்பு தானே முன்வர வேண்டும் என்பது அவர் நிலை. அதனை அவர் ருஷியாவுக்கு மட்டும் கூறவில்லை. தாம் மதித்த அமெரிக்காவிடமே எடுத்துரைக்கத் துணிந்தார்.

சில ஆண்டுகள் ஓய்ந்திருந்த சோதனைகளை 1961 செப்டம்பரில் சோவியத் நாடு மீண்டும் தொடங்கியது, அமெரிக்காவும் பின்தொடர்ந்தது. 1962 ஜூனில் காந்தி சமாதான அறக்கட்டளை தில்லியில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாட்டைக் கூட்டியது. அதன் தொடர்ச்சியாக ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் இராஜாஜி அமெரிக்கா சென்றார். அப்போது அவருக்கு வயது 83. செப்டம்பர் 28ஆம் நாள் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார். உரையாடல் குறித்த நேரத்தைக் கடந்து நீண்டது. வேட்டியணிந்த முதியவர் ஒருவர், உலகின் பெரும்படைத் தலைவரிடம் இரந்து நில்லாமல், வழக்கறிஞருக்கே உரிய முறையில் காரணம் காட்டி வாதிட்ட காட்சியை எண்ணுந்தோறும் நாம் வியக்கின்றோம்.

மூன்று வாரங்கள் கழிந்தன. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது வெளிப்பட்டு, உலகமே அழிவின் விளிம்பில் நின்றது. அதே அக்டோபரில் சீனப் படையும் நம் எல்லைக்குள் புகுந்தது.

1963 ஆகஸ்டு 5ஆம் நாள் மாஸ்கோவில் கையொப்பமான ஒப்பந்தம் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் அணுச் சோதனைகளைத் தடை செய்தது. இராஜாஜியின் தூதே அதற்குக் காரணம் என உரிமை கொண்டாடுவது மிகையாகும். கியூபா தந்த அச்சத்திற்கே அதில் பெரும்பங்கு. நிலத்தடிச் சோதனைகளுக்கோ தடையில்லை.

1972 டிசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி மறைந்தார். பதினேழு மாதங்களுக்குள் பொக்ரான் மணலடியில் இந்தியாவின் முதற்குண்டு வெடித்தது. 1989 மே 22ஆம் நாள் பறந்த அக்னி ஏவுகணையை உருவாக்கிய குழுவுக்கு, இராமேசுவரத்துத் தமிழர் அப்துல் கலாம் தலைமை தாங்கினார். அவர் அருஞ்செயலில் நாம் பெருமிதம் கொள்கின்றோம். இராஜாஜியின் வினாவையும் ஒதுக்கிவிட இயலவில்லை.

நடுத்தர ஏவுகணைகளை ஒழித்த 1987ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2019 ஆகஸ்டில் முறிந்தது. மீண்டும் பனிப்போரோ என்ற பேச்சும் எழுந்தது. நிலத்தடிச் சோதனைகளையும் விலக்கும் முழுத்தடை உடன்படிக்கை 1996இல் எழுதப்பட்டது. அதற்கு அளித்த ஏற்புறுதியை ருஷியா 2023 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்கா கையொப்பமிட்டதோடு நின்றுவிட்டது. இந்தியா அதில் கையொப்பமே இடவில்லை.